நிக்காஹ்வுக்கு லேப்டாப் தூக்கிப் போன கதை

2008-ஆம் வருடம், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் இருக்கும் செம்பாக்கத்தில், ஏரிக்கு நாலு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடியில் அப்போது குடியிருந்தேன். அன்று நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்துவிடும், பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறையாவது கடைசி வரை போகிறேனா பார்க்கலாம்.

பொத்தேரிப் பக்கம் ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் எனக்கு லெக்சரர் வேலை. கூடவே மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். வீட்டில் வை-ஃபையில் ஒருவரோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே எழுந்து தெருவுக்குப் போகிறீர்கள். வை-ஃபை வீட்டு வாசலோடு தீர்ந்துவிடும், படமும் பேச்சும் அறுந்துபோகும். மறுபடி வேறு இணைப்பைப் போட்டு, மறுபடி கூப்பிட வேண்டும். அப்படி அறுந்துபோகாமல், வை-ஃபை மங்கும்போதே லேப்டாப் தானாக மொபைல் போனின் இன்டர்நெட்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும். எதிரில் பேசுகிறவருக்கு நாம் இடம் மாறியதே தெரியக் கூடாது. இன்றைக்கு இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு இது பெரிய ஆராய்ச்சி.

அதற்காக ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே கற்பனையாக ஒரு தெரு, கற்பனையாக ஓர் ஆள், அவர் நடக்க நடக்க இணைப்பு எப்படி மாறுகிறது என்று ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். என் வழிகாட்டிப் பேராசிரியர், "இது போதும்யா, கிராஃபைப் போட்டு ரிப்போர்ட்டை எழுது" என்றார். எனக்குப் போதவில்லை. சும்மா இருந்தால் கை அரிக்கும் ரகம் நான். நிஜத் தெருவில், நிஜ ஆட்களோடு செய்து காட்ட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

கீழ் வீட்டில் வீட்டு உரிமையாளர் குடும்பம். பாய் சவூதியில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார். இங்கே அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும். பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் முடிவாகி, பத்திரிகை அடித்து, பாய்க்கு லீவும் டிக்கெட்டும் தயாராக இருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனியில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லையாம், வெயில் காலத்தில் ஏ.சி. ஆளை விட முடியாதாம். பாஸ்போர்ட் முதலாளி கையில். என்ன செய்வது?

அக்கா அழுத அழுகை மாடிக்குக் கேட்டது. இறங்கிப் போனேன். போய் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

"பாய் வர முடியலைன்னா என்னக்கா? நிக்காஹ்வை அவர் இருக்கிற இடத்துக்கே அனுப்பிடறேன்."

அந்தக் குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது என்பதும் உண்மை. என் ப்ராஜெக்டுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடைக்காது. காரணம் அவர்கள் வழக்கம். பெண் நிக்காஹ் நடக்கும் இடத்துக்கு வரமாட்டாள், வீட்டில்தான் இருப்பாள். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, இரண்டு சாட்சிகளோடு அவளிடம் போய், இன்ன மாப்பிள்ளையை உனக்கு நிக்காஹ் செய்துவைக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவள் சம்மதம் சொன்ன பிறகு, அந்தச் சம்மதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார்கள். அங்கே மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சபையில் வாய்விட்டுச் சொல்வார். ஆக, கல்யாணம் இரண்டு இடத்தில். நடுவில் சுமார் நானூறு அடி தெரு. வீட்டில் வை-ஃபை, தெருவிலும் பள்ளிவாசலிலும் என் போன். எனக்காகவே ஏற்பாடு செய்தது போல இருந்தது.

பாய் ஊரில் இல்லாததால் அவருடைய தம்பி, அதாவது பெண்ணின் சின்னத்தா, அவர் சார்பில் நின்று நடத்துவதாகப் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசி முடித்துவிட்டார்கள். முறைப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் பாய்க்கு மனசு ஆறவில்லை. மகள் சம்மதம் சொல்வதையும் மாப்பிள்ளை ஏற்றுக்கொள்வதையும் தன் காதால் கேட்க வேண்டும், முடிந்தால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்தப் பள்ளிவாசலில் நிக்காஹ்வை வீடியோ எடுக்க விடமாட்டார்கள். பெண்ணின் அத்தா வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதால், பதிவு செய்யாமல் அவருக்குக் காட்ட மட்டும் காட்டலாம் என்று ஜமாஅத் செயலாளர் ஒப்புக்கொண்டார். அதாவது, அந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. பிறகு சி.டி. போட்டுப் பார்க்கிற வாய்ப்பெல்லாம் கிடையாது.

அக்கா ஒன்று சொன்னார். "தம்பி, இம்மாம் சிரமம் எதுக்கு? பேசாம செல்போனைப் போட்டு மாப்பிள்ளை பக்கத்துல வச்சுட்டா, அவரு காதுல வச்சுக் கேட்டுக்குவாரே."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் ஓர் அறை விடலாம் போலிருக்கிறது. "காதால கேக்கறதுக்கு நான் எதுக்குக்கா? படமே வரும்" என்றேன்.

ஒத்திகையும் பார்த்தேன். முந்தின ஞாயிறு காலை ஆறு மணிக்கு, லேப்டாப்பைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, போனை ஒயரில் மாட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவில் நடந்தேன். பொத்தேரி ஹாஸ்டலில் இருந்த நண்பன் எதிர்முனையில் பார்த்துக்கொண்டிருந்தான். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டு கேட்டைத் தாண்டியதும் படம் நாலு நொடி நின்றது, பிறகு ஓடியது. பள்ளிவாசல் வரை அறவே நிற்கவில்லை. அன்று காலை போல டிபனை நான் என்றைக்குமே ரசித்துச் சாப்பிட்டதில்லை.

கல்யாண நாள் வந்தது. பாய் தன் கம்பெனி ஆபீஸில் ஒரு மலையாளி அக்கவுன்டன்ட்டின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை நாள். மேலதிகாரியிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, தான்தான் மாப்பிள்ளை என்பது போல நேராக உட்கார்ந்திருந்தார். படம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆனாலும் அவர் முகத்தில் இருந்த பரபரப்பு தெரிந்தது.

லேப்டாப்பைப் பெண்ணின் தங்கை உள்ளே எடுத்துப் போனாள். நான் வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சின்னத்தா சாட்சிகளோடு போய், மாப்பிள்ளை பெயரையும் அவர் தரப் போகும் மஹர் தொகையையும் சொல்லி, "ஒங்க அத்தாவுக்குப் பதிலா நான் கேக்கறேன்மா, சம்மதமா?" என்று கேட்டார். அந்தப் பெண், "சம்மதம் அத்தா" என்றாள். சின்னத்தாவைப் பார்த்துச் சொல்லவில்லையாம், லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாளாம். பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டதாகத் தங்கை பிறகு சொன்னாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நினைத்தேன்.

லேப்டாப் திரைக்கு வெளியே வந்தது. அக்கா ஏதோ சொன்னார், நான் போனை ஒயரில் மாட்டிக்கொண்டே, "சரிக்கா, சரிக்கா" என்றேன். என்ன சொன்னார் என்று காதில் வாங்கவில்லை. சின்னத்தாவும் சாட்சிகளும் வேகமாக முன்னால் நடந்தார்கள். நான் தாம்பாளம் ஏந்துகிறவன் மாதிரி லேப்டாப்பை ஏந்திக்கொண்டு பின்னால் போனேன்.

கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தது வேதனை. என் கற்பனைத் தெருவில் வை-ஃபை மெல்ல மெல்லக் குறைந்து, ஒழுங்காக விடை பெற்றுக்கொண்டு போகும். நிஜத் தெருவில் அது போவேனா என்றது. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பி வந்ததோ என்னவோ, ஒரு கோடு காட்டும், இரண்டு கோடு காட்டும், ஒன்றும் காட்டாது, மறுபடி ஒன்று காட்டும். செத்ததுமில்லை, பிழைத்ததுமில்லை. என் ப்ரோக்ராம் போனுக்கு மாறும், உடனே ஆசைப்பட்டு வை-ஃபைக்குத் திரும்பும், மறுபடி மாறும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருபது அடி ஓடினேன். அப்போதுதான் அது வீட்டை மறந்து போனோடு ஒட்டிக்கொண்டது. படம் ஓடியது.

பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு வருடமாகப் பார்க்காத தெரு. "தம்பி, அந்தக் காலி மனையில வீடு வந்துடுச்சா? யார் வாங்கினாங்க?" என்று கேட்டார். லேப்டாப்பைத் திருப்பி அந்த வீட்டைக் காட்டினேன். டீக்கடையைக் காட்டினேன். அந்த ஒரு நிமிஷம், சொல்லக் கூடாது, எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

போன் அடித்தது.

அந்தக் காலத்துப் போன்களுக்கு ஒரு கெட்ட குணம். அழைப்பு வந்தால் இன்டர்நெட்டை அப்படியே நிறுத்திவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரியாது. இது என் பாடம்தான், வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். ஒத்திகை பார்த்த காலை ஆறு மணிக்கு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால் அதை மறந்தே போனேன். எடுத்தால், ஒரு பெண் குரல். "சார், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு..." ஞாயிற்றுக்கிழமையுமா! அந்த வருடங்களில் செல்போன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், இவர்கள் எப்படித் துரத்துவார்கள் என்று. ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. வேண்டாம் என்று கத்திவிட்டு வைத்தேன்.

படம் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு கையும் தேவை. ஓரமாக நின்றிருந்த ஆட்டோவின் பின் சீட்டில் லேப்டாப்பை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், நீ ஏர்றியா, இல்ல பொட்டி மட்டும் வருதா?"

"ஒரு நிமிஷம்ணா."

"சவாரி வர்ற நேரத்துல பேஜார் பண்ணாத சார்."

இணைப்பு வரப் போகும் நேரம், மறுபடி போன். வேறு ஏதோ நம்பர். எடுத்து ஹலோ என்றேன், பதில் இல்லை. இன்னொரு ஹலோ, பதில் இல்லை. லோன்காரர்கள் அழைப்பும் இப்படித்தான் இருக்கும். அவர்கள் மிஷின் நம்மைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆளைத் தேடும். "லோன் வேண்டாம்னு இப்பத்தானே சொன்னேன், மனுஷங்களா நீங்க?" என்று கத்திவிட்டுத் துண்டித்தேன். ஆட்டோக்காரருக்கு என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. "லோன்காரனா? எனக்கும் வர்றான் சார், தொல்லை" என்றார்.

பள்ளிவாசலை ஒட்டிய ஹாலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தூணோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. மின்விசிறி நின்றது, மைக் செத்தது. எல்லோரும் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, போனுக்குக் கரன்ட் தேவையில்லை. என் ப்ரோக்ராம் இதற்கெல்லாம் அசையாது என்று கர்வமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி போன். மறுபடி வேறு நம்பர். எடுக்காமலே துண்டித்தேன்.

நிக்காஹ்வை நடத்திவைக்க வந்திருந்த ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். சின்னத்தா வந்து குனிந்து, "அண்ணன் வந்துட்டாரா தம்பி?" என்று கேட்டார்.

"ரெண்டே நிமிஷம்."

காத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் ஆனது. இணைப்பு வந்து, பாயின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்து, படம் திறக்கிற சமயம், போன். துண்டித்தேன். புள்ளி மறைந்தது. எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூணில் அடித்திருப்பேன், அதுதான் இன்டர்நெட் என்பதால் அடிக்க முடியவில்லை. அணைக்கவும் முடியவில்லை. ஊரில் உள்ள லோன் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து இந்த நிக்காஹ்வை நிறுத்தச் சதி செய்வதாகவே தோன்றியது.

சின்னத்தா மறுபடி வந்தார். "தம்பி, நான் வேணா என் போனை ஆன் பண்ணி அண்ணனுக்கு ஒரு கால் போடட்டா?" பள்ளிவாசலுக்குள் நுழையும்போது போனை அணைத்துவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அவரும் அணைத்திருந்தார். அந்த ஹாலில் உயிரோடு இருந்த ஒரே போன் என்னுடையதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாங்க. அவரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு. இப்ப போன் பண்ணா எழுந்து போயிடுவாரு. படம் வந்துடும், ரெண்டு நிமிஷம்."

மறுபடி காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலாம். ஹஜ்ரத் கடைசியில், "மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிடுவாங்க. இன்ஷா அல்லாஹ், நடக்கட்டும். அவரும் வந்து சேர்ந்துக்குவாரு" என்றார். மைக் இல்லாமலே ஆரம்பித்தார்.

எனக்கு முன்னால் பதினைந்தடியில் நிக்காஹ் நடந்தது. நான் அதில் ஒரு சொல்லைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து தட்டிக்கொண்டே இருந்தேன். போன் வந்தது, துண்டித்தேன். இணைத்தேன். மறுபடி வந்தது, துண்டித்தேன். எல்லோரும் கையேந்தி துஆ கேட்டபோது நானும் ஒரு வேண்டுதல் வேண்டினேன், ஒரே ஒரு நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று.

அது பலித்தது. படம் வந்தது.

நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, பாய் நின்றுகொண்டிருந்தார். காதில் செல்போன். கொஞ்சம் கேட்டார், காதிலிருந்து எடுத்தார், ஒரு கார்டைப் பார்த்துப் பார்த்து நீளமாக எண்களை அழுத்தினார், மறுபடி காதில் வைத்தார். "பாய்! பாய்!" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. அவர் போனையே கவனித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாறு நொடி போயிருக்கும். என் சட்டைப் பையில் போன் அடித்தது. காதில் போனை வைத்தபடி பாய் படத்தில் உறைந்து நின்றுவிட்டார்.

வளைகுடாவிலிருந்து விலை குறைந்த காலிங் கார்டு போட்டுப் பேசினால் எந்த நாட்டு நம்பரோ, எந்த ஊர் நம்பரோ காட்டும், ஒவ்வொரு முறையும் வேறு காட்டும் என்று எனக்குத் தெரியும். பேச்சு இரண்டு மூன்று நொடி தாமதமாகத்தான் வந்து சேரும் என்றும் தெரியும். அக்கா கிளம்பும்போது என்ன சொன்னார் என்பதும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "உங்க நம்பரையும் அவருகிட்ட குடுத்திருக்கேன் தம்பி." எல்லாம் தெரிந்த மேதாவிக்கு இது மட்டும் தெரியாமல் போனது.

போனை எடுத்தேன். ஒன்றும் பேசாமல் காத்திருந்தேன்.

"தம்பி, வச்சிடாதீங்க தம்பி. நான்தான்."

தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"லோன்காரன் இல்ல தம்பி, நான்தான்" என்றார் மறுபடி. அதில் கோபமே இல்லை. அதுதான் கொன்றது. "முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு பாய்."

தாமதம் இரண்டு நொடிதான். அன்று எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "மாப்பிள்ளை எப்படித் தம்பி சொன்னாரு? சத்தமா சொன்னாரா?" என்று கேட்டார்.

பதினைந்தடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சின்னத்தாவிடம் போனைக் கொடுத்திருக்கலாம். நான் பொய் சொன்னேன். "கணீர்னு சொன்னாரு பாய். ஹால் முழுக்கக் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அல்லது அது வேறு சத்தமாகவும் இருக்கலாம். "போதும் தம்பி, போதும்" என்றார். சின்னத்தா வந்து போனை வாங்கிக்கொண்டார். யாரோ என் கையில் பேரீச்சம்பழத்தையும் கற்கண்டையும் திணித்துவிட்டுப் போனார்கள். அதைத் தின்ன எனக்கு மனசு வரவில்லை, கீழே வைக்கவும் மனசு வரவில்லை.

அன்றிரவு என் ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்தேன். எந்த நேரத்தில் இணைப்பு அறுந்தது, எதனால் என்று அதுவே குறித்து வைக்கும். தெருவில் ஒன்று, லோன். அதற்குப் பிறகு ஆறு, எல்லாம் பாய். ஹஜ்ரத் நிக்காஹ்வை ஆரம்பித்த நேரத்துக்கும் துஆ முடிந்த நேரத்துக்கும் நடுவில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றை எடுத்து, போனை அப்படியே மாப்பிள்ளை பக்கம் நீட்டியிருந்தால் முடிந்தது. படம் கிடைத்திருக்காது. அவர் முதலில் கேட்டது படத்தையா?

என் ரிப்போர்ட்டில் இதை, 'உள்வரும் அழைப்புகளால் இணைப்பில் தடங்கல் ஏற்படுகிறது' என்று ஒரே வரியில் எழுதினேன். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, நல்ல கவனிப்பு என்று பாராட்டினார். நல்ல மதிப்பெண்ணும் போட்டார்கள். அந்தப் பாராட்டைப் போல என்னை யாரும் திட்டியதில்லை.

அக்காவிடம் அடுத்த நாளே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சம்மதம் சொன்னதைப் பாத்துட்டாருல்ல தம்பி, அதுவே பெரிசு" என்றார். ஆனால் கடைசியில் சொன்ன பொய்யை மட்டும் அக்காவிடமும் சொல்லவில்லை. யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. உண்மை வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

அடுத்த வருடம் பாய் லீவில் வந்தார். ஒரு நாள் மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளையை நான் அன்றுதான் பக்கத்தில் பார்க்கிறேன். கல்யாணத்தன்று அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லையே. அவர் என்னிடம் என்ன வேலை என்று விசாரித்தார். இரண்டு தடவை குனிந்து, காதைக் கொடுத்து, என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு சின்னக் குரல். பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் வரும். கூச்ச சுபாவம். கறியை இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று மாமியார் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பாய் பேச்சுவாக்கில் அந்த இடத்துக்கு வந்தே விட்டார். மருமகனின் தோளில் கை போட்டுக்கொண்டு, "அன்னைக்கு நான் வந்து கேக்கக் குடுத்து வைக்கல. ஆனா நீங்க கணீர்னு சொன்னீங்களாமே, ஹால் முழுக்கக் கேட்டுச்சாமே. தம்பி சொன்னாரு. எங்க ரூம்ல இருக்கிற அத்தனை பேருகிட்டயும் சொல்லிட்டேன், எம் மாப்பிள்ளை கணீர்னு சொன்னாருன்னு" என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எல்லாம் வெளியே வரப் போகிறது என்று காத்திருந்தேன்.

"ஆமா மாமா" என்றார் அவர். அதையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். பாய் காதைக் கொஞ்சம் அருகே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டார், கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

அந்தப் பொய்யை பாய் உண்மையாகவே நம்பினாரா, அல்லது எனக்காகவும் மருமகனுக்காகவும் நம்பிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இணைப்பு அறுந்துபோகாமல் காப்பாற்றுவதையே இத்தனை வருடமாகப் பாடமாக நடத்திக்கொண்டிருக்கும் நான் அன்று திரும்பத் திரும்ப அறுத்ததை, எனக்கு முன்பின் பழக்கமில்லாத ஒரு மனிதர் இரண்டே சொல்லில் சேர்த்து வைத்தார், அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.